ஊசி கார்டை நம்பி ஏமாந்தோம்: ஏழே நாளில் எங்கள் குட்டி போய்விட்டான்

மதுரை வட்டாரத்தில் ராஜபாளையம் நாய்க்குட்டி தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இணையத்தில் விளம்பரம் பார்த்து 9,000 ரூபாய்க்கு ஒரு குட்டி வாங்கினோம். பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. மகள் அன்றைக்கே வெள்ளையன் என்று பெயர் வைத்துவிட்டாள். விற்றவர் தன் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. "தாய் நாய் புது ஆளைக் கண்டா கடிக்கும் மேடம், நானே பைபாஸ்ல கொண்டாந்து தர்றேன்" என்றார். அட்டைப் பெட்டிக்குள் சோப்பு வாசனையோடு இருந்தான் குட்டி. "அறுபது நாள் ஆச்சு, நாற்பத்தஞ்சாவது நாளே செவன் இன் ஒன் ஊசி போட்டாச்சு" என்று ஒரு கார்டும் கொடுத்தார். பார்வோ உட்படப் பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் தடுப்பூசி அது. கார்டைப் பார்த்ததும் கொஞ்ச நஞ்சம் இருந்த சந்தேகமும் போய்விட்டது.

புதன்கிழமை வரை நன்றாகத்தான் ஓடியாடினான். வியாழன் காலை தட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இடம் மாறியதால் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டோம். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. இரவு நுரை நுரையாக மஞ்சள் வாந்தி. வெள்ளி விடியும்போது வராண்டா முழுக்க ரத்தக் கழிச்சல். அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

மருத்துவர் பஞ்சுக் குச்சியில் மலத்தை எடுத்துச் சோதித்தார். பத்து நிமிடத்தில் கிட்டில் இரண்டாவது கோடு விழுந்தது. பார்வோ, நாய்க்குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். அப்புறம் குட்டியின் வாயைத் திறந்து எங்களையும் பார்க்கச் சொன்னார். முன்பற்கள் அரிசி நுனி மாதிரி இருந்தன. கடைவாய்ப் பக்கம் ஒன்றிரண்டுதான் ஈறைக் கீறிக்கொண்டு எட்டிப் பார்த்தன. "ரெண்டு மாசக் குட்டின்னா பால்பல் 28ம் வந்திருக்கணும்மா. இதுக்கு நாற்பது நாள் இருந்தாலே அதிகம்" என்றார். நாற்பது நாள் குட்டிக்கு நாற்பத்தைந்தாவது நாளில் ஊசி எப்படிப் போட்டிருக்க முடியும்? கார்டை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தோம். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை. மருத்துவர் கையெழுத்தோ பதிவு எண்ணோ இல்லை. பேனாவால் எழுதிய தேதி மட்டும் இருந்தது.

பார்வோ கிருமி உள்ளே போய், பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் வெளியே தெரியும். குடலின் உள்சவ்வையும் எலும்பு மஜ்ஜையையும் அது சேர்த்தே தாக்குகிறது. நீர்ச்சத்து ஒரு பக்கம் இறங்க, கிருமியோடு போராட வேண்டிய வெள்ளை அணுக்களும் குறைந்துவிடுகின்றன. நோய் தொடங்கிய உடனே ட்ரிப்ஸ் ஏற்றினால் பிழைக்கும் குட்டிகள் நிறைய உண்டு. எங்களுடையது தாய்ப்பாலை விட்டு முன்கூட்டியே பிரித்த குட்டி, தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏறியது. ஞாயிறு விடியற்காலையில் என் மடியிலேயே போய்விட்டான். முன்னங்காலில் ஊசிக்காகச் சுற்றிய பச்சை பிளாஸ்டரைக் கடைசியில் நான்தான் கத்தரித்து எடுத்தேன்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "நீங்க பசும்பால் குடுத்திருப்பீங்க, அதான்" என்றார். பல்லைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. "சரி மேடம், வேற குட்டி ஃப்ரீயா தர்றேன்."

இதற்கு யாரும் சம்மதித்துவிடாதீர்கள். இந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். வழக்கமான பினாயிலுக்கெல்லாம் சாகாது. தரையை நன்றாகக் கழுவிவிட்டு பிளீச்சிங் கரைசலை ஊற்றி பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண்ணுக்கு அதுவும் பயன்படாது. எங்கள் வீட்டுக்கு இன்னொரு குட்டியைக் கொண்டுவந்திருந்தால் அதையும் கொன்றிருப்போம்.

2017ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தாய் நாயை நேரில் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். பல்லைப் பாருங்கள். உண்மையாகவே ஊசி போட்டிருந்தாலும் ஒன்று போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியைத் தடுத்துவிடக்கூடும் என்பதால், பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அதுவரை தெருவில் இறக்காதீர்கள். ஒரு வேளை சாப்பாட்டை ஒதுக்கினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். நாங்கள் ஒரு நாள் தாமதித்தோம்.

நேற்று அந்த விளம்பரத்தைத் திரும்பப் பார்த்தேன். வெள்ளையனின் அதே போட்டோ, அதே சிவப்புப் பாய். கீழே "அறுபது நாள் குட்டி, ஊசி போட்டாச்சு" என்று போட்டிருக்கிறது.