வெளிப்பூட்டா, உள்பூட்டா, விரல்பூட்டா? சேலத்து வீட்டுக்கு எது தோதுப்படும்

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். பூட்டை மட்டும் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் ஹார்டுவேர் கடையில் "நல்லதா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். கடைக்காரர் எடுத்துப் போடுவது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஆல்ட்ராப்பில், அதாவது கதவின் வெளிப்பக்கம் குறுக்கே இழுத்துப் போடும் இரும்புத் தாழ்ப்பாளில் மாட்டும் தொங்குபூட்டு, கதவோடு பொருந்தும் உள்பூட்டு, விரல் வைத்தால் திறக்கும் டிஜிட்டல் பூட்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவைப் பார்த்த வாசல் கதவுக்கு உள்பூட்டுதான். தொங்குபூட்டுக்கு வேறு இடம் இருக்கிறது.

தொங்குபூட்டும் ஆல்ட்ராப்பும்

தொங்குபூட்டு என்றால் நம் பக்கத்தில் திண்டுக்கல் பூட்டுக்குத்தான் பேர். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளே லீவர் தகடுகள் அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் நாக்கு நகராது. ஆறு லீவர், எட்டு லீவர் என்று பெட்டியில் போடுவது இந்தத் தகடுகளின் எண்ணிக்கையைத்தான். கம்பியை விட்டுக் கிளறித் திறப்பது லேசான வேலை இல்லை.

ஆனால் திருடன் எதற்குக் கம்பியை விட்டுக் கிளறப்போகிறான்? "பூட்டை உடைத்து" என்று பேப்பரில் வருகிறதே, அதில் எத்தனையோ வீட்டில் பூட்டு முழுசாகத்தான் கிடக்கும். பிய்ந்து வந்தது ஆல்ட்ராப்பின் கொண்டியோ, அதை மரத்தில் பிடித்திருந்த முக்கால் அங்குல ஸ்க்ரூவோதான். கடப்பாரையை இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் போதும்.

இப்போதே எழுந்துபோய் உங்கள் வாசல் ஆல்ட்ராப்பைப் பாருங்கள். பூட்டிய நிலையில் வெளியிலிருந்து ஸ்க்ரூத் தலை தெரிகிறதா? தெரிந்தால் எட்டு லீவர் பூட்டுக்குக் கொடுத்த காசு வீண். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பூட்டைத் தொடவே வேண்டாம். ஆசாரியைக் கூப்பிட்டு, கதவை ஊடுருவிப் போகிற போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு வைத்து முறுக்கச் சொல்லுங்கள். வெளியே வழவழப்பான வட்டத் தலை மட்டும் தெரிய வேண்டும். நிலையில் இருக்கும் வளையத்துக்கும் இதே வைத்தியம்தான்.

பூட்டு வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. உருக்காலை இருக்கிற ஊர், நமக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஞானம் ஜாஸ்தி! 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரிதான். ஆனால் அந்தக் கணக்கு ஆல்ட்ராப்புக்குத்தான் பொருந்தும். பூட்டின் வளையம் ரம்பத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்றால் அது கெட்டிப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும். 'ஹார்டண்ட்' என்று வளையத்தில் குத்தியிருக்கும். அந்த எஃகில் காந்தம் ஒட்டும், ஒட்டட்டும். வளையம் எவ்வளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்குக் கட்டரின் வாய்க்கு இடம் கொடுக்கிறது. பூட்டின் உடம்பே வளையத்தை மூடியிருக்கும் ரகமாகப் பார்த்து வாங்கலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் தொங்குபூட்டில் ஒரு குறை தீராது. வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே அது சொல்லிவிடும். ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு மேட்டூர் போகிற அன்று, வரிசையாக எந்தெந்த வீட்டில் பூட்டு தொங்குகிறது என்று பைக்கில் போகிறபோதே எண்ணிவிடலாம். அதனால்தான் தொங்குபூட்டை நான் கிரில் கேட்டுக்குத் தள்ளுகிறேன். அங்கேயும் கேட்டின் உள்பக்கமாகத் தொங்கும்படி, கை மட்டும் நுழைகிற பெட்டி ஒன்று வெல்டிங்கில் வைத்துவிட்டால் கட்டருக்கு வாட்டம் கிடைக்காது. வீட்டில் ஆள் இருக்கும்போதும் கேட்டைப் பூட்டியே வைத்துப் பழகினால், பூட்டைப் பார்த்து யாரும் கணக்குப் போட முடியாது.

உள்பூட்டு: பதிப்பதா, ஒட்டுவதா

உள்பூட்டில் இரண்டு ஜாதி. கதவுப் பலகையைக் குடைந்து உள்ளே இறக்குவது மார்ட்டிஸ். கதவின் உள்முகத்தில் பெட்டி மாதிரி பொருத்துவது ரிம் பூட்டு.

புது வீட்டுக்காரர்கள் கைப்பிடி அழகுக்காக மார்ட்டிஸ் கேட்கிறார்கள். கனமான தேக்குக் கதவுக்கு அது சரி. ஒட்டுப்பலகையில் செய்த ஒல்லியான ஃப்ளஷ் கதவில் குடைந்தால் பூட்டு இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் பலகை தகடாகிவிடும். ஓங்கி ஓர் உதை விட்டால் அங்கேயே பிளக்கும். அதற்கு ரிம் பூட்டுதான் உகந்தது. பலகையைக் குடைய வேண்டாம், சாவி நுழைகிற சிலிண்டருக்கு ஓர் ஓட்டை போதும்.

சேலத்தில் குகை, அம்மாப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் இரட்டைக் கதவு. இங்கே எந்த உள்பூட்டும் ஒரு கதவை இன்னொரு கதவோடுதான் பிடிக்கிறது, நிலையோடு அல்ல. அந்த இன்னொரு கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் நன்றாக இறங்கவில்லை என்றால் இரண்டும் சேர்ந்தே திறந்துகொள்ளும். கீழ்த் தாழ்ப்பாள் இறங்கும் குழியில் மண் அடைத்து அரை அங்குலம்கூட இறங்காத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது கவனிக்க மூன்று விஷயம். சாவியை இரண்டு சுற்று சுற்றினால் நாக்கு இன்னும் ஒரு படி வெளியே வர வேண்டும். சிலிண்டர் கதவுக்கு வெளியே துருத்தக் கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பிளையரில் பிடித்து ஒடித்துவிடலாம், அதைச் சுற்றி கெட்டியான தகடு வேண்டும். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: நாக்கு போய் விழுகிற நிலைப்பக்கத் தகடு. பூட்டோடு வருகிற குட்டி ஸ்க்ரூவைத் தூர எறிந்துவிட்டு, நிலை மரம் முழுக்கப் பாய்கிற மூன்று அங்குல ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். பைசா பெறாத செலவு. ஆனால் உதைக்கு ஈடுகொடுப்பது பூட்டைவிட அதுதான்.

சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகத்தில் ஒரு தொல்லை உண்டு. ஆடிக் காற்றில் கதவு அடித்துக்கொள்ளும், குழந்தை உள்ளே, அடுப்பில் பால், அம்மா வாசலில். சாவி போட்டால்தான் பூட்டும் ரகமாக வாங்குங்கள். உள்ளே சாவி இல்லாமல் திருகித் திறக்கும் குமிழும் இருக்கட்டும், தீ கீ என்றால் சாவியைத் தேட நேரம் இருக்காது.

விரல் வைக்கும் பூட்டு

ஃபேர்லேண்ட்ஸ் அடுக்குமாடிகளில் இது சகஜமாகிவிட்டது. சாவியை மறந்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கும், நேரம் தவறி வரும் வேலைக்கார அம்மாவுக்கும் தனி எண் கொடுக்கலாம், வேலையை விட்டு நின்றால் அந்த எண்ணை மட்டும் அழித்துவிடலாம். இந்த ஒரு வசதி மற்ற இரண்டிலும் கிடையாது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை பேட்டரி செல்லில் ஓடுபவை. செல் இறங்குகிறபோது முன்கூட்டியே கத்தும். அதையும் கவனிக்காமல் விட்டால் வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரியோ பவர் பேங்கோ காட்டித் திறக்கிற இடம் பல மாடல்களில் உண்டு.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை நடத்தும் உறவுக்காரர் ஒருவர் இதைப் போட்டார். வெள்ளியை ராவி, தேய்த்து, மெருகு போட்டே வளர்ந்த கட்டைவிரல். ரேகை மழுங்கிப் போயிருக்கிறது. பூட்டு சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. "மாமா, சுண்டுவிரலை வையுங்க" என்று அவர் மருமகன் சொன்னதும்தான் பச்சை எரிந்தது. தறி ஓட்டுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். வாங்குமுன் கடையில் வீட்டுப் பெரியவர் விரலை வைத்துப் பாருங்கள், உங்கள் விரலை அல்ல.

இன்னொன்று. எத்தனை டிஜிட்டலாக இருந்தாலும் அதன் நாக்கும் அதே நிலையில்தான் விழுகிறது. மூன்று அங்குல ஸ்க்ரூ இங்கேயும் வேண்டும். கம்பெனி வைத்து அனுப்பும் ஆரம்ப எண்ணை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

ஏற்காடு வேறு கணக்கு

20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் நான் மேலே சொன்னதில் பாதி தலைகீழாகிவிடும். எஸ்டேட் வீடும் கோடை வீடும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பவை. ஆள் இல்லை என்று ஒளிக்கவே முடியாது. மூடுபனியும் மழையும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் மரக்கதவு உப்பும். உள்பூட்டின் நாக்கு நிலைக்குழியில் நேராக விழாது. ஆளில்லாத வீட்டில் டிஜிட்டல் பூட்டின் செல் எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. இங்கே நான் பித்தளைத் தொங்குபூட்டின் பக்கம். உடம்பு துருப்பிடிக்காது, கதவு கொஞ்சம் உப்பினாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும், கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். மழைச்சாரல் படாமல் மேலே ஒரு ரப்பர் மூடி வைத்தால் போதும்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கீழே சேலத்தில் அது தூசியைப் பிடித்துக் களிம்பாகும். மேலே இன்னும் மோசம். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும், மார்கழியில் ஏற்காட்டில் பூட்டுக்குள் வெண்ணெய் மாதிரி நின்றுவிடும். கிராஃபைட் தூள் வாங்கித் தூவுங்கள். கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவிப் பல்லில் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை விட்டு எடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு

முன்பு குடியிருந்தவர் எத்தனை சாவி வெட்டினார் என்று வீட்டு ஓனருக்கே தெரியாது. உள்பூட்டாக இருந்தால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. பல மாடல்களில் சிலிண்டரை மட்டும் மாற்றலாம், அரை மணி நேர வேலை. பழைய சிலிண்டரைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, காலி செய்யும்போது அதையே திரும்பப் போட்டுக்கொடுத்தால் ஓனரும் முகம் சுளிக்க மாட்டார். தொங்குபூட்டு என்றால் இன்னும் சுலபம், உங்கள் பூட்டை நீங்களே கொண்டுபோய் மாட்டிவிடலாம். மாற்றுச் சாவியை மீட்டர் பெட்டி மேலும் செருப்பு ஸ்டாண்டிலும் வைக்காமல், ரெண்டு தெரு தள்ளியிருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். சாவிக்கொத்தில் கதவு எண், தெருப் பெயர் எழுதிய அட்டை மட்டும் வேண்டாம்.