லினக்ஸ் விஎம் திரை சிறுத்து நிற்கிறதா? கெஸ்ட் அடிஷன்ஸ், எக்ஸ்ரேண்டர், கர்னல் வரி: எது நல்லது?

பாலிடெக்னிக் பாடத்துக்காக விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு போடும் மாணவருக்கும், சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் 2560×1440 மானிட்டர் வாங்கி மாட்டியவருக்கும் வரும் தொல்லை ஒன்றுதான்: விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர்க் கணினி) திரை 800×600 அல்லது 1024×768-ஐத் தாண்ட மறுக்கிறது. நேரடியாக நிறுவிய லினக்ஸுக்கு மானிட்டரே தன் அளவுகளை ஈடிஐடி தரவாகச் சொல்லிவிடும். விஎம்முக்குள் அந்த மானிட்டர் தெரியாது. சன்னலின் அளவை யாராவது உள்ளே சொல்லியாக வேண்டும்.

அதைச் சொல்லும் வேலைதான் விஎம்முக்குள் நிறுவும் கெஸ்ட் அடிஷன்ஸ் மென்பொருளுடையது. முதலில் இதையே முயலுங்கள். சன்னலை இழுத்தால் திரை கூடவே விரியும். எக்ஸ்ரேண்டர், கர்னல் வரி இரண்டிலும் இந்த வசதி இல்லை. நிறுவ இரு பாதைகள் உண்டு. உபுண்டு களஞ்சியத்தில் உள்ள 'விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் எக்ஸ்11' பொதி, மற்றப் பொதிகளோடு தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் ஹோஸ்டில் (விஎம்மை ஓட்டும் கணினியில்) உள்ள பதிப்பைவிடப் பழையதாக இருக்கலாம். டிவைசஸ் மெனுவில் வரும் சிடி ஹோஸ்டின் பதிப்போடு பொருந்தும். ஆனால் நிரல் தொகுக்கும் கருவிகளான ஜிசிசி, மேக், ஓடும் கர்னலுக்கே (லினக்ஸின் மையப்பகுதிக்கே) உரிய ஹெடர்ஸ் கோப்புகள் மூன்றும் முன்கூட்டியே இருக்க வேண்டும். கர்னல் புதுப்பித்தபின் திரை பழையபடி சிறுத்தால் புதிய ஹெடர்ஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுவியும் பலன் இல்லையென்றால் விஎம்மை நிறுத்திவிட்டு அமைப்பைத் திறந்து, கிராபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ-வாக இருக்கிறதா, வீடியோ மெமரி எவ்வளவு என்று பாருங்கள். 3840×2160 திரையின் ஒரு பிரேமுக்கே, பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுமார் 32 எம்பி வேண்டும். 16 எம்பியில் அது எப்படி அடங்கும்? 128-க்கு ஏற்றிவிடுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் விஎம்வேர் என்றால், கெஸ்ட் அடிஷன்ஸ் இடத்தில் 'ஓப்பன் விஎம் டூல்ஸ்' மட்டும் போதாது, அதன் 'டெஸ்க்டாப்' பொதியும் தேவை. லினக்ஸின் சொந்த விஎம் வசதியான கேவிஎம்மில் 'ஸ்பைஸ் விடிஏஜென்ட்' போட்டு, விர்ட்-மேனேஜரின் வியூ மெனுவில் தானாக அளவு மாறும் தெரிவை இயக்குங்கள்.

இணையத்தில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது எக்ஸ்ரேண்டர் என்ற திரை அளவுக் கட்டளை. சிவிடி கட்டளையால் மோட்லைனை (திரை அளவை விவரிக்கும் வரியை) கணக்கிட்டு, நியூமோட், ஆட்மோட், அவுட்புட் என்று மூன்று படிகளில் திரையை மாற்றலாம். ஆனால் மறுதொடக்கத்தில் எல்லாம் அழிந்துவிடும். பழைய எக்ஸ்11 திரை அமைப்புக்குப் பதிலாக வந்த வேலண்டின் அமர்வில் புது மோட் (திரை அளவு) சேர்க்கவே முடியாது. உபுண்டு 21.04 முதல் வேலண்டே இயல்பு அமர்வு. பழைய குறிப்புகள் பலவும் இன்று தோற்பதற்கு இதுவே காரணம். இன்றைய ஒரு விளக்கக்காட்சிக்கு உதவும். நிரந்தரத் தீர்வாக நம்பாதீர்கள்.

அலுவலக மடிக்கணினியில் ஹோஸ்ட் அமைப்புகள் பூட்டப்பட்டிருந்தால் கர்னல் வரிதான் (தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் கட்டளை வரி) கைகொடுக்கும். விஎம்முக்குள் ரூட் (நிர்வாகி) உரிமை இருந்தால் போதும். எக்ஸ்11, வேலண்ட் இரண்டிலும் செல்லும், மறுதொடக்கத்திலும் நிலைக்கும். சிஸ் கோப்பகத்தின் கிளாஸ், அதனுள் டிஆர்எம் பகுதியில் இணைப்பின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் 'விர்ச்சுவல்-1' என்றிருக்கும். லினக்ஸைத் தொடக்கிவைக்கும் க்ரப்பின் அமைப்புக் கோப்பில், கர்னல் வரியில் 'வீடியோ' என்று எழுதி, சமக்குறி, இணைப்பின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு திரை அளவைச் சேருங்கள். அளவின் நடுவே பெருக்கல் குறி கூடாது, ஆங்கில எக்ஸ் எழுத்தையே இடவேண்டும். அப்டேட்-க்ரப் ஓட்டி மறுதொடக்கம் செய்யுங்கள். அளவு நிலையாக நிற்கும், சன்னலோடு மாறாது.

அதே வரியில் 'நோமோட்செட்' என்று ஏற்கெனவே இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். கருந்திரையைத் தவிர்க்க நிறுவும்போது சேர்த்த அச்சொல், கிராபிக்ஸ் டிரைவரையே எழவிடாது. அது இருக்கும்வரை மேலே சொன்ன எந்த வழியும் பலிக்காது.