நான்காம் வகுப்புக்கு மாலை டியூசன்: பாளையங்கோட்டையில் ஓராண்டு அனுப்பிப் பார்த்த அனுபவம்

என் மகளை நான்காம் வகுப்பு முழுவதும், ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்திலிருந்து ஏப்ரல் மாத மூன்றாம் பருவத் தேர்வு வரை, பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் மாலை டியூசனுக்கு அனுப்பினோம். கட்டணம் மாதம் 900 ரூபாய். நேரம் மாலை 5.30 முதல் 7.30 வரை, ஞாயிறு மட்டும் விடுமுறை. குறை சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு மாடிக்கு மட்டும் உரியதும் அன்று. நான்காம் வகுப்பு என்பது எப்படிப்பட்ட ஆண்டு என்று தெரியாமல் பணம் கட்டிய எனக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் நிறைவாக இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். நடத்துபவர் பி.எட். படித்த ஓர் இளம்பெண். பிள்ளைகளுக்கு அவர் மிஸ். எந்தப் பள்ளியிலும் வேலை பார்க்காதவர் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே சேர்த்தேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூசன் எடுக்கக் கூடாது என்கிறது. வகுப்பாசிரியரிடமே டியூசனுக்கு அனுப்பினால் மதிப்பெண் கூடும் என்று நினைக்கும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது. பெற்றோர் வந்து அழைத்துச் செல்லும் வரை எந்தப் பிள்ளையையும் அவர் படி இறங்க விட்டதில்லை. ஒரு நாள் வண்ணார்பேட்டையில் பேருந்து நெரிசலில் சிக்கி நான் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மகள் அவர்கள் வீட்டு ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். வாய்ப்பாட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை; 16ஆம் வாய்ப்பாடு வரை பிள்ளைகள் கோரஸாகச் சொல்வது தெருமுனை வரை கேட்கும். நான்காம் வகுப்பில் பெருக்கலும் வகுத்தலும் கணிதத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால், வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளைக்கு ஒவ்வொரு கணக்கும் இரட்டை வேலையாகிவிடும். அந்தத் தடுமாற்றம் என் மகளுக்கு ஆகஸ்ட் மாதத்திலேயே தீர்ந்தது.

இன்னொன்றையும் அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அக்டோபர் மாதம் ஒரு நாள் வாசலில் என்னை நிறுத்தி, "அக்கா, பாப்பா போர்டைப் பாத்து எழுத மாட்டேங்கா, பக்கத்துல உள்ள பிள்ளை நோட்டப் பாத்துத்தான் எழுதுதா. ஒருக்கா கண்ணைக் காட்டிருங்க" என்றார். காட்டினோம். மைனஸ் ஒன்றேகால். கிட்டப்பார்வை பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்கும் பள்ளிப் பருவம் இது. குழந்தைக்குத் தன் பார்வை மங்குவது தெரியாது, எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்றே அது நினைத்துக்கொள்ளும். பள்ளி நாட்குறிப்பில் அதுவரை நான்கு முறை "கவனக்குறைவு" என்று எழுதி வந்திருந்தது. அந்த நான்கு முறையும் நான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

இனி, எதற்காக அனுப்பினோமோ அந்தப் படிப்பு.

மகள் படிப்பது மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் ஒரு மெட்ரிக் பள்ளி. மூன்றாம் வகுப்பு வரை எழுத்துக் கூட்டி வாசித்தாலே மெச்சினார்கள். நான்காம் வகுப்பில் பாடத்தின் அளவு கூடுகிறது, வாக்கியங்கள் நீள்கின்றன, வாசிக்கத் தெரியும் என்பதை ஏற்கெனவே முடிந்துபோன காரியமாக எடுத்துக்கொண்டு, வாசித்துப் புரிந்துகொள்வதன் மீது அறிவியலும் சமூக அறிவியலும் கட்டப்படுகின்றன. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த இடம் இன்னும் வழுக்கும். தங்குதடையின்றி ஒரு பத்தியை உரக்க வாசித்துவிடும்; என்ன வாசித்தாய் என்று தமிழில் கேட்டால் விழிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பத்தியும் ஐந்து நிமிடமும் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் டிசம்பர் வரை ஒதுக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஒதுக்காததற்குக் காரணம், மதிப்பெண்கள் நன்றாக இருந்தன. பருவத்துக்கு நூறில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் உரியது. மீதி 60 பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. நல்ல நோக்கத்தில் வந்த முறைதான். ஆனால் சார்ட் அட்டையில் படம் ஒட்டுவது நானும், படத்தை பிரிண்ட் எடுத்து வருவது அவள் அப்பாவும் என்று ஆகிவிட்ட வீட்டில், அந்த 40இல் பெரும்பகுதி எங்களுடையது. மீதி 60க்கு டியூசன் பொறுப்பு. மிஸ் பாடப்புத்தகத்தில் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுக் கொடுப்பார்: முதல் கேள்விக்குப் பதில் இங்கிருந்து இதுவரை, இரண்டாம் கேள்விக்கு அங்கிருந்து அதுவரை. மீதிக்குக் கைடு இருக்கிறது. பிள்ளைகள் அடைப்புக்குறிக்குள் இருப்பதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். முதல் பருவத்தில் சமூக அறிவியலில் அவளுக்கு 94.

அந்தப் பாடங்களில் ஒன்று நகராட்சியும் மாநகராட்சியும் பற்றியது. மாநகராட்சியின் பணிகளை ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். விடுமுறையில் வரி கட்டுவதற்காக திருநெல்வேலி மாநகராட்சியின் பாளையங்கோட்டை மண்டல அலுவலகத்துக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். "யம்மா, இது என்ன ஆபீஸு?" என்றாள். நம் ஊர் 1994இல் மாநகராட்சியானது, அதற்கு நான்கு மண்டலங்களும் 55 வார்டுகளும் உண்டு, காலையில் குப்பை வண்டி வருவது இவர்கள் அனுப்பித்தான் என்று வரிசையில் நின்றபடியே சொன்னேன். அவள் வியப்போடு கேட்டாள்: "அப்ப புக்குல உள்ளது நம்ம ஊருதானா?"

கணிதத்தில் இதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. நான்காம் வகுப்பில் நான்கு இலக்க எண்கள் வருகின்றன. கூட்டலும் கழித்தலும் செய்வது சிக்கலே இல்லை. வாழ்க்கைக் கணக்கு என்று சொல்கிறோமே, வாக்கியமாக வரும் கணக்கு, அங்கேதான் பிள்ளை நின்றுவிடுகிறது. "இது கூட்டணுமா, கழிக்கணுமா?" என்ற கேள்வி உங்கள் வீட்டில் தினமும் கேட்கிறதென்றால், கணக்கு தெரியவில்லை என்று அதற்குப் பொருளில்லை, கணக்கை வாசிக்கத் தெரியவில்லை. டியூசனில் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: 'மொத்தம்', 'அதிகம்' என்ற பொருளில் சொல் வந்தால் கூட்டு, 'மீதி', 'குறைவு' என்று வந்தால் கழி. பத்துக் கணக்கில் எட்டுக்கு அது வேலை செய்யும். நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். தோப்பில் இன்று 2,400 தேங்காய் பறித்தார்கள், இது நேற்றுப் பறித்ததைவிட 350 அதிகம், நேற்று எத்தனை? 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் கண் இமைக்கும் நேரத்தில் 2,750 என்று எழுதிவிட்டாள். இன்றைக்குக் கூடுதல் என்றால் நேற்றைக்குக் குறைவாகத்தானே இருக்கும் என்ற எண்ணமே எழவில்லை. படம் வரையச் சொன்னேன். இரண்டு கடவங்களை, அதாவது பெரிய ஓலைக் கூடைகளை, வரைந்தாள். வரைந்து முடிக்கும் முன்பே அழித்துவிட்டு 2,050 என்று எழுதினாள்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு மாதம் கட்டிய 5,400 ரூபாய் ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஆண்டில் இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேறு யாரும் இல்லை என்பதே உறுத்தியது. நடுவண் அரசின் கற்றல் அடைவுத் தேர்வுகூட 2021இல் 3, 5, 8, 10ஆம் வகுப்புகளுக்கும், 2024இல் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கும்தான் நடந்தது. இரண்டு முறையும் நான்காம் வகுப்பைத் தொடவில்லை. தேர்ச்சி இல்லையென்று அதே வகுப்பில் நிறுத்திவைப்பதும் கிடையாது. ஆக, பிள்ளை புரியாமலே ஐந்தாம் வகுப்புக்குள் அமைதியாகப் போய்விட முடியும்.

முக்கூடலில் அரசுப் பள்ளியில் படிக்கும் என் அக்காள் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. அங்கே எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது; 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிற்கும் நிலையைப் பார்த்துப் பிரித்து அதற்கேற்பப் பயிற்சி கொடுப்பது அதன் அடிப்படை. அதிலும் குறைகள் இருக்கலாம். ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. கட்டணமில்லாமல் அக்காளுக்குக் கிடைத்த அந்த ஒன்று, மாதம் 900 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 22 பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை எதிர்பார்த்ததும் பேராசைதான்.

ஜனவரியில் மிஸ்ஸிடம் போய்ப் பேசினேன். சண்டை போடப் போகவில்லை. அடைப்புக்குறி போட வேண்டாம், பதிலை அவளே தேடட்டும், தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, மதிப்பெண் குறைந்தால் உங்களைக் கேட்க மாட்டேன் என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க ஒருத்தங்கதான்க்கா இப்படிச் சொல்லுதிய. மத்தவங்க எல்லாம் ரெண்டு மார்க்கு குறைஞ்சா மறுநாளே பிள்ளைய நிப்பாட்டிருதாங்க" என்றார். அதில் நியாயம் இருந்தது. அடைப்புக்குறியை அவர் கையில் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். வாரத்தில் மூன்று நாள், கடைசிப் பதினைந்து நிமிடம், மகள் ஒரு பத்தியைத் தானே வாசித்து அவரிடம் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடானது. பிப்ரவரி வரை ஒழுங்காக நடந்தது. மார்ச்சில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வு நெருங்கியதும் நின்றுபோனது. அந்த வேலையை வீட்டில் நானே எடுத்துக்கொண்டேன். ஐவகை நிலம் பற்றிய பாடத்தை மறுபடி எடுத்து, குறிஞ்சிக்கு மாஞ்சோலை, மருதத்துக்குத் தாமிரபரணிக் கரை வயல், நெய்தலுக்கு உவரி, பாலைக்குத் தேரிக்காடு என்று சொல்லிக்கொண்டே வந்து, முல்லைக்கு ஓர் ஊர் சொல்ல முடியாமல் நான் விழித்தபோது அவளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணும் கொடுத்ததில்லை.

இதே போன்ற டியூசனைத் தேடுபவர்கள், சேர்க்கும் முன் கட்டணத்தையும் நேரத்தையும் கேட்பதோடு, பிள்ளையின் பாடப்புத்தகத்தை அங்கே எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஏற்கெனவே படிக்கும் ஒரு பிள்ளையின் புத்தகத்தைப் புரட்டினால் போதும். பக்கமெல்லாம் பென்சில் அடைப்புக்குறியும் கைடில் தேய்ந்த ஓரமும் இருந்தால், வீட்டுப்பாடம் முடியும், மதிப்பெண் வரும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கைடே இல்லாமல் நடத்தும் இடம் கிடைத்தால் 200 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

பாதுகாப்பு, வாய்ப்பாடு, கையெழுத்து, பிள்ளையைக் கவனிக்கும் கண் இவற்றுக்காக அந்த மாடிக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். புரிந்து படிப்பதற்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. மூன்றாம் பருவத்தில் சமூக அறிவியலில் அவள் எடுத்தது 81. எந்த இடத்தில் குறைந்தது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. விடைத்தாளைக் காட்டி, இந்தக் கேள்வியைத் தப்பாக வாசித்துவிட்டேன் என்றாள். ஐந்தாம் வகுப்புக்கு அதே மிஸ்ஸிடம் வாரம் மூன்று நாள், கணிதத்துக்கு மட்டும் என்று பேசி 500 ரூபாய்க்கு முடித்திருக்கிறோம். மீதி மூன்று மாலைகளில் அவளுக்கு நானும், எனக்கு முல்லை நிலத்துக்கு ஓர் ஊரும் வேண்டியிருக்கிறது.