வேலூரில் கொலம்பஸ் ஸ்டாம்ப் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. வேலூர்ல பழைய நாணயம், ஸ்டாம்ப் விக்கிற ஒரு கடைக்காரர், 1992-ல அச்சடிச்ச ஸ்டாம்ப்பை 1893-னு சொல்லி என்கிட்ட 18,500 ரூபாய் வாங்கிட்டார்.

சிகாகோ கண்காட்சிக்காக 1893-ல அமெரிக்கா வெளியிட்ட கொலம்பஸ் வரிசையில மொத்தம் 16 ஸ்டாம்ப், 1 சென்ட்ல இருந்து 5 டாலர் வரைக்கும். 2 சென்ட் கோடிக்கணக்குல அச்சானது, இன்னைக்கும் சல்லிசாக் கிடைக்கும். டாலர் ஸ்டாம்ப்தான் அபூர்வம். எனக்கு வேண்டியிருந்தது 2 டாலர், கொலம்பஸ் சங்கிலியோட நிக்கிற படம். ஊரே கொண்டாடினவரை 1500-ல சங்கிலி போட்டு ஸ்பெயினுக்கு அனுப்பினாங்க. அதையும் மறைக்காம ஸ்டாம்ப்பாப் போட்டிருக்காங்களேன்னுதான் அது மேல அவ்வளவு ஆசை.

கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணே, இது அந்தக் காலத்து அமெரிக்க மிஷன் டாக்டர் வீட்டு ஆல்பம். வெளிய காட்டவே இல்ல, உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்"னார். அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல வைத்தியம் ஆரம்பிச்ச ஊர் இது. அமெரிக்காக் கடுதாசி வந்து குவிஞ்ச ஊர்ல இந்தக் கதையை யார் நம்பமாட்டாங்க? அது தெரிஞ்சேதான் சொல்லியிருக்கார். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கப் போனேன், "வேணாம்ணே, ஸ்டாம்ப் ஓரத்துப் பல்லு உடைஞ்சிடும்"னு கையைப் பிடிச்சிட்டார். அங்கேயே ஜிபேல 18,500 அனுப்பினேன்.

வீட்ல உறையைப் பிரிச்சு லென்ஸ் வெச்சேன். அசல்ல இடது மேல் மூலையில கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த 1492, வலது மேல் மூலையில அதோட 400-வது ஆண்டான 1892 இருக்கும். 500-வது ஆண்டுக்கு 1992-ல அதே படங்களை 6 ஷீட்டாத் திரும்ப அச்சடிச்சப்ப, வலது மூலையில 1992-னு மாத்திட்டாங்க. என் ஸ்டாம்ப்ல சரியா அந்த மூலை மேலதான் கறுப்பு முத்திரை. சாய்ச்சுப் பாத்தா மைக்கு அடியில, 8 இருக்க வேண்டிய இடத்துல 9 தெரியுது. ஷீட்ல இருந்து பிரிச்சு, வருஷத்தை மறைக்கன்னே முத்திரை குத்தியிருக்காங்க.

போன் பண்ணினா "பாக்கறேண்ணே"ன்னார். அப்புறம், "நீங்க பாத்துதானே வாங்கினீங்க?" நேர்ல போனா அண்ணன் போய் சார் ஆயிட்டேன். "சார், நீங்களே வேற ஸ்டாம்ப்பை மாத்திக் கொண்டாந்திருந்தா நான் என்ன பண்றது?" கடைல நாலு பேர் முன்னாடி என்னைத் திருடன்னு சொல்லாம சொல்றார்! பில்லை எடுத்துக் காட்டினேன். அதுல 'பழைய ஸ்டாம்ப் 1, ரூ. 18,500', அவ்வளவுதான். வருஷமே இல்ல. இப்போ போனையும் எடுக்கறதில்ல.

எதையெதைக் கவனிக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல ஒண்ணும் ஓடல. வலது மேல் மூலையைப் பாருங்க. அங்க முத்திரை அப்பியிருந்தா வாங்காதீங்க. உறையைப் பிரிக்க விடாத கடைல பணத்தை எடுக்காதீங்க. பில்லுல நாடு, வருஷம், அசல்னு எழுதி வாங்குங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நான் இப்போ அதுக்குத்தான் போன் போடப் போறேன். இதே கடைல கொலம்பஸ் டாலர் ஸ்டாம்ப் வாங்கினவங்க யாராவது இருந்தா உடனே லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.