தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் தணிக்கை: பெருநகரக் கணக்கை யார் பார்ப்பது?

2008 டிசம்பர் முதல் வாரத்தில் சிகாகோ மாநகரம் தன் தெருக்களில் இருந்த சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. கைக்கு வந்த தொகை 115 கோடி டாலருக்குச் சற்று மேல். திட்டம் அறிவிக்கப்பட்டதற்கும் நகர கவுன்சில் கை தூக்கியதற்கும் இடையில் சில நாட்கள்தான். 40 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு. முக்கால் நூற்றாண்டு வருமானத்தை எழுதிக்கொடுக்க ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் கழித்து நகரத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் (போலீஸ்காரர் இல்லை, நகர நிர்வாகத்தின் முறைகேடுகளை விசாரிக்கும் அதிகாரி) டேவிட் ஹாஃப்மன் கணக்குப் போட்டுப் பார்த்தார். மீட்டர்களை நகரமே வைத்துக்கொண்டிருந்தால் அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 213 கோடி டாலர். அதாவது வாங்கிய தொகையைவிட 97.4 கோடி அதிகம். நகர நிர்வாகம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது; பத்திரம் எழுதி முடித்தாயிற்று. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதைத்தான்.

பெருநகரங்களின் செலவை யார் கண்காணிப்பது என்று பேச்சு எடுத்தாலே, "அந்த ஆளை யார் நியமிப்பது?" என்ற கேள்வியில் போய் விவாதம் நின்றுவிடுகிறது. மக்கள் தேர்ந்தெடுத்தால் சுதந்திரமானவர், மேயர் நியமித்தால் கைப்பாவை என்று ஓர் எளிய கணக்கு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நடைமுறையில் இருக்கும் நான்கைந்து ஏற்பாடுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் வேறு இரண்டு கேள்விகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. கோப்பு அவர் மேசைக்கு எப்போது வருகிறது, பணம் போவதற்கு முன்னாலா, பின்னாலா? பீரோ சாவி அவர் கையில் இருக்கிறதா, ஒவ்வொரு முறையும் கெஞ்சி வாங்க வேண்டுமா?

ஓட்டு வாங்கி வருபவர்

நியூயார்க்கில் கம்ப்ட்ரோலர், அதாவது நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி, பதவிக்கு நகரமே ஓட்டுப் போடுகிறது. பதவிக்காலம் நான்கு ஆண்டு. ஒவ்வொரு துறையையும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர் தணிக்கை செய்தாக வேண்டும் என்கிறது நகர சாசனம், அதாவது நகர நிர்வாகத்துக்கான அடிப்படைச் சட்டம். அதைவிட முக்கியமான அதிகாரம் ஒன்று உண்டு. நகரம் போடும் ஒப்பந்தம் அவர் அலுவலகத்தில் பதிவானால்தான் செல்லும். பதிவுக்கு 30 நாள் கெடு. ஊழல் நடந்திருப்பதாக நம்பப் போதிய காரணம் இருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மேயர் அதைப் பார்த்துவிட்டு, 'பரவாயில்லை, பதிவு செய்யுங்கள்' என்று சொல்லவும் சாசனம் இடம் தருகிறது. ஆக, நிரந்தரமாகத் தடுக்க முடியாது. கொஞ்சம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கலாம். சிகாகோவில் இல்லாமல் போனது அந்த நிறுத்தம்தான். ஆறு மாதம் பிடித்த கணக்கை 30 நாளில் போட்டுவிட முடியுமா என்று கேட்டால், முழுதாக முடியாது. ஆனால் 'இந்த விலை எப்படி வந்தது?' என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்க 30 நாள் தாராளம்.

அதற்காக அந்த நாற்காலியைக் கோயில் ஆக்க வேண்டாம். 1871 வரை அதில் உட்கார்ந்திருந்த ரிச்சர்ட் கானலி, அன்றைய நியூயார்க் அரசியலை ஆட்டிவைத்த 'பாஸ்' ட்வீட் கும்பலில் ஒருவர். நீதிமன்றக் கட்டடத்துக்கான பில்கள் பல மடங்கு ஊதி வந்தபோது, அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியவரே பங்குதாரராக இருந்தார். வேலியே பயிரை மேய்ந்த அந்தக் கதையை எந்தத் தணிக்கையும் வெளியே கொண்டுவரவில்லை. அங்கே பேரேடு எழுதும் வேலையில் இருந்த மாத்யூ ஓ'ரூர்க் நகலெடுத்த பக்கங்கள் நியூயார்க் டைம்ஸில் அச்சானபோதுதான் ஊருக்குத் தெரிந்தது.

இன்றைய வியாதி வேறு. இந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு அடுத்த அறையில் இருக்கும் மேயர் நாற்காலி மேல் கண். பில் தாம்சன் 2009-ல், ஜான் லியூ 2013-ல், ஸ்காட் ஸ்ட்ரிங்கர் 2021-ல், பிராட் லாண்டர் 2025-ல் என்று வரிசையாக மேயர் பதவிக்குப் போட்டியிட்டார்கள், நால்வரும் தோற்றார்கள். இதில் நஷ்டம் அவர்களுக்கு மட்டும் இல்லை. கம்ப்ட்ரோலரின் அறிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும், 'தேர்தல் வருகிறது, அதான்' என்ற ஒரே வரியில் மேயர் தரப்பு அதைத் தள்ளிவிட முடிகிறது. அந்தப் பதவியிலிருந்து மேயராக ஜெயித்தவர் ஏப் பீம், தொழில்முறைக் கணக்காளர். 1974-ல் மேயரானார், 1975-ல் நகரம் திவாலின் விளிம்புக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், குறுகியகாலக் கடன் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தபோது கம்ப்ட்ரோலராக இருந்தவரும் அவரே.

பதிவு அதிகாரத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு. சிட்டிடைம் என்று ஒரு திட்டம்: ஊழியர்களின் வருகைப் பதிவையும் சம்பளத்தையும் கணினியில் ஏற்றும் வேலை. 1998-ல் 6.3 கோடி டாலர் என்று ஆரம்பித்தது 70 கோடியைத் தாண்டியது. கடைசியில் வழக்காகி, 2012-ல் முதன்மை ஒப்பந்த நிறுவனம் சுமார் 50 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஒப்பந்தப் பதிவு கட்டாயமாக இருந்த நகரத்தில்தான் இதுவும் நடந்தது. முதல் கையெழுத்தைப் பார்க்கும் கண், பிறகு வரிசையாக வரும் திருத்தங்களை அதே கூர்மையோடு பார்ப்பதில்லை.

ஒரு பூட்டு, இரண்டு ஊர்

டொராண்டோவில் ஆடிட்டர் ஜெனரலை நியமிப்பது கவுன்சில். அவர் பதில் சொல்வதும் கவுன்சிலுக்குத்தான். சிகாகோவில் இன்ஸ்பெக்டர் ஜெனரலின் பெயரை மேயர் முன்வைக்க, கவுன்சில் ஒப்புதல் தருகிறது. முன்னவர் 'கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா?' என்று பார்ப்பவர். பின்னவர் அதோடு 'யார் தப்புச் செய்தது?' என்று துப்பும் துலக்குபவர். சினிமாவுக்கு ஏற்றவர் சிகாகோக்காரர்தான். ஆனால் சாவி விஷயத்தில் கதை தலைகீழ்.

ஹாஃப்மனுக்குப் பின் வந்த ஜோசப் ஃபெர்குசன், நகரத்தின் முன்னாள் ஊழியர் ஒருவருக்கு டெண்டர் இல்லாமல் ஒப்பந்தம் போனதை விசாரித்தார். நகரத்தின் சட்டத்துறை சில ஆவணங்களைத் தர மறுத்தது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் என்றது. சம்மன் அனுப்பிப் பார்த்தார், நடக்கவில்லை. தனியாக வக்கீல் வைத்து வழக்குப் போட்டார். 2013-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம், அப்படி வக்கீல் வைத்து வழக்கு நடத்த அவருக்கு அதிகாரமில்லை என்றது. இது நகர நிர்வாகத்துக்குள் நடக்கும் சண்டை, தீர்த்துவைக்க வேண்டியவர் மேயர் என்பது தீர்ப்பின் சாரம். புகார் எந்த வீட்டின் மேலோ, அந்த வீட்டுப் பெரியவரிடமே பஞ்சாயத்துக்குப் போ என்பது போல.

டொராண்டோவுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதே பூட்டை முன்கூட்டியே திறந்து வைத்திருக்கிறது. நகரத்தின் கணக்குகள், பதிவேடுகள், கோப்புகள் எல்லாவற்றையும் ஆடிட்டர் ஜெனரல் பார்க்கலாம். அவரிடம் காட்டியதாலேயே வக்கீல் ரகசியம் என்ற பாதுகாப்பு போய்விடாது. இவ்வளவுதான். 'ரகசியம்' என்று கையை விரிக்கச் சாக்கே இல்லை. நியமனம் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடுகிறவர்கள் இந்த ஒரு பிரிவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

டொராண்டோவுக்கும் ஞானம் சும்மா வந்துவிடவில்லை. 1999-ல் கணினிகளைக் குத்தகைக்கு எடுக்க 4.3 கோடி கனடா டாலருக்கு கவுன்சில் ஒப்புதல் தந்தது. செலவு 8 கோடியைத் தாண்டியது. நீதிபதி டெனிஸ் பெல்லமி தலைமையில் பொது விசாரணை நடந்து 2005-ல் அறிக்கை வந்தது. ஆடிட்டர் ஜெனரல் அலுவலகம் உருவானதும் இந்த விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த 2002-ல்தான்.

அந்த அலுவலகத்தின் வேலையில் எனக்குப் பிடித்தது பெரிய ஊழல் எதுவும் இல்லை, மரம் வெட்டிய கதை. தெருவோர மரங்களைக் கத்தரிக்க நகரம் ஒப்பந்தக் குழுக்களை வைத்திருந்தது. குழுக்கள் தினமும் வேலைக் குறிப்பு எழுதிக் கொடுக்கும்: இத்தனை மணிக்கு இந்தத் தெரு, இந்த மரம். 2019-ல் தணிக்கையாளர்கள் அந்தக் குறிப்புகளை ஒரு பக்கமும், வண்டிகளின் ஜிபிஎஸ் பதிவை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குறிப்பில் வண்டி மரத்தடியில் நிற்கிறது. ஜிபிஎஸ்ஸில் அதே நேரம் காபிக்கடை வாசலில் நிற்கிறது. நேரில் போய் நின்றும் பார்த்தார்கள். கம்ப்ட்ரோலருக்கு ஓட்டு வாங்கித் தரக்கூடிய விஷயமா இது? இல்லை. துப்பறிவாளருக்கு ஒரு வழக்கா? அதுவும் சந்தேகம்தான். ஆனால் நகரங்களின் பணம் பெரும்பாலும் இப்படித்தான், அரை மணி அரை மணியாகக் கசிகிறது.

வெளியிலிருந்து வரும் கம்பெனி

இங்கிலாந்தில் கவுன்சில் கணக்குகளைத் தனியார் தணிக்கை நிறுவனங்கள் பார்க்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது: ஊர்க்காரர் இல்லை, கட்சிக்காரர் இல்லை, தொழில்காரர். ஒரு காலத்தில் நன்றாகவே நடந்தது. 1983 முதல் ஆடிட் கமிஷன் என்ற அமைப்புதான் எந்தக் கவுன்சிலுக்கு எந்தத் தணிக்கையாளர் என்று முடிவு செய்யும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், ஷெர்லி போர்ட்டர் தலைமையில், தனக்கு ஓட்டு தேவைப்பட்ட வார்டுகளாகப் பார்த்து வீடுகளை விற்ற விவகாரத்தில் 1989-ல் புகார் போனது. தணிக்கையாளர் ஜான் மகில், அவரும் தனியார் நிறுவனத்துக்காரர்தான், ஆண்டுக்கணக்கில் தோண்டினார். நஷ்டத்தைப் பொறுப்பானவர்களின் சொந்தப் பணத்திலிருந்து வசூலிக்கும் அதிகாரம் அன்றைய தணிக்கையாளருக்கு இருந்தது. 2001-ல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்றது. 2004-ல் போர்ட்டர் 1.23 கோடி பவுண்டு கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார். வேறு எந்த ஏற்பாட்டிலும் இப்படி ஒரு பல்லை நான் பார்க்கவில்லை.

அந்தப் பல்லை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பிடுங்கியது. 2015 மார்ச்சோடு ஆடிட் கமிஷனும் மூடப்பட்டது. தணிக்கையாளரைக் கவுன்சில்களே அமர்த்திக்கொள்ளலாம் என்றானது. பெரும்பாலானவை ஒரு பொது அமைப்பின் வழியாக மொத்தமாக அமர்த்திக்கொண்டன. கட்டணம் இறுகியது, ஆள் கிடைக்கவில்லை, வேலை தேங்கியது. 2022-23 கணக்குகளுக்கான தணிக்கையை 2023 செப்டம்பர் 30 கெடுவுக்குள் முடித்தவை 467 அமைப்புகளில் 5. முந்தைய ஆண்டுகளின் பாக்கியையும் சேர்த்தால் நிலுவை 918. அதே மாதத்தில்தான் பர்மிங்காம் கவுன்சில், இனி அத்தியாவசியத்துக்கு மேல் செலவு செய்ய முடியாது என்று கைதூக்கியது. தும்பும் போய் வாலும் போன நிலை. கடைசியில், கெடு தேதிக்குள் முடியாதவற்றைக் 'கருத்துச் சொல்ல இயலவில்லை' என்று எழுதி மூடும்படி ஆனது. 2024 டிசம்பரில் அரசாங்கம் புதிதாக ஓர் உள்ளாட்சித் தணிக்கை அலுவலகம் அமைப்பதாக அறிவித்தது. மூடியதை வேறு பெயரில் திறக்கப் போகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் இங்கிலாந்திடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஆண்டுக்கு 30 வேலைநாட்கள் கவுன்சிலின் கணக்கு, பில், ஒப்பந்தம் எல்லாவற்றையும் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம். வாக்காளர் என்றால் தணிக்கையாளரிடம் ஆட்சேபமும் எழுப்பலாம். செலவில்லாத சாவி.

நீதிமன்றம் மாதிரி

பிரேசிலின் சாவோ பாலோவில் மாநகரத்துக்கென்றே ஒரு கணக்கு நீதிமன்றம், 1968 முதல். ஐந்து உறுப்பினர்கள், நீதிபதிகளுக்கு உரிய பணிப் பாதுகாப்பு. டெண்டர் திறப்பதற்கு முன்பே அதை நிறுத்தி வைக்க முடியும் என்பதால், 'எப்போது' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் உறுப்பினர்களைத் தேர்வதில் அரசியல் கை நீளம். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் ஓய்வு வரை அசைக்க முடியாது. 1988 அரசியல் சட்டம் இனி புதிய மாநகரக் கணக்கு நீதிமன்றங்களே கூடாது என்று தடுத்துவிட்டது. இருப்பவை சாவோ பாலோவும் ரியோவும் மட்டும்.

சோறு போடுவது யார்?

எந்த ஏற்பாடானாலும், பட்ஜெட்டில் கை வைத்தால் ஆள் படுத்துவிடுவார். திட்ட வேண்டியதில்லை, நீக்க வேண்டியதில்லை, பத்து காலியிடங்களை நிரப்பாமல் விட்டால் போதும். நியூயார்க்கில் சுதந்திர பட்ஜெட் அலுவலகம் வேண்டும் என்று 1989-லேயே சாசனத்தில் எழுதினார்கள். நிதியில்லாமல் இழுபறியாகி, வழக்குக்குப் பிறகு 1996-ல்தான் வேலை தொடங்கியது. அதற்கான காப்பும் சாசனத்திலேயே இருக்கிறது: மேயரின் பட்ஜெட் அலுவலகத்துக்கு ஒதுக்குவதில் குறைந்தது 10 சதவீதம் இதற்குப் போக வேண்டும். மேயர் தன் ஆட்களைப் பெருக்கினால் இவர்களும் பெருகுவார்கள். நியூ ஆர்லியன்ஸ், நகரத்தின் பொது நிதியில் 0.75 சதவீதத்தைக் கண்காணிப்பு அமைப்புகளுக்கென்று எழுதி வைத்திருக்கிறது.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், டொராண்டோவின் ஆடிட்டர் ஜெனரலை எடுத்து, நியூயார்க்கின் 30 நாள் பதிவை அவர் கையில் கொடுத்து, ஒப்பந்தத் திருத்தங்களும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று சேர்த்து, சம்பளத்தைச் சதவீதத்தில் கட்டிப்போடுவேன். தேர்தல் வேண்டாம். துப்பறியும் வேலைக்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல் தனியாக இருக்கட்டும்.

டொராண்டோவை முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுதிக் கொடுத்ததோடு அவர்கள் விடுவதில்லை. மரம் வெட்டும் குழுக்களைப் பற்றிய அறிக்கையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது, திருத்திக்கொள்வதாகவும் சொன்னது. 2021-ல் தணிக்கையாளர்கள் திரும்பிப் போய் அதே வேலைக் குறிப்புகளையும் அதே ஜிபிஎஸ் பதிவையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் அப்போதும் ஒத்துப்போகவில்லை.