அபராதமா, சிறையா? தவறு செய்த வங்கியை இரண்டு நாடுகள் நடத்திய விதம்

மெக்சிகோவில் எச்எஸ்பிசி கிளைகளின் கவுன்ட்டர் ஜன்னலுக்கு அளவெடுத்துச் செய்த பெட்டிகளில் போதைக் கும்பல்கள் ரொக்கத்தை அடுக்கி உள்ளே தள்ளின. அந்த வங்கி வழியாக வெள்ளையான போதைப் பணம் குறைந்தது 88.1 கோடி டாலர். அமெரிக்கா என்ன செய்தது? 2012 டிசம்பரில் சுமார் 190 கோடி டாலர் வாங்கிக்கொண்டு வழக்கை ஐந்தாண்டு தள்ளிவைத்தது. அதிகாரி ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. தொகை பெரிதுதான். ஆனால் அந்த ஆண்டு வங்கியின் வரிக்கு முந்தைய லாபம் 2,000 கோடி டாலரைத் தாண்டியது. கட்டிய பணமும் பங்குதாரர்களுடையது, தவறு செய்தவர்களுடையது அல்ல. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஐஸ்லாந்து ஆளைப் பிடித்தது. 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. விசாரிக்க வந்தவர் அக்ரனஸ் என்ற சிற்றூரின் காவல்துறைத் தலைவர் ஓலாஃபர் ஹாக்சன். கத்தார் ஷேக் ஒருவர் நம்பிக்கையோடு 5 சதவீதப் பங்கு வாங்கினார் என்று அவற்றில் ஒன்றான காப்திங் வங்கி பெருமையாக அறிவித்திருந்தது. தோண்டிப் பார்த்தால், அந்தப் பணம் வங்கியே கொடுத்த கடன்! வங்கியின் தலைமைச் செயல் அதிகாரிக்கு ஐந்தரை ஆண்டு சிறை. 2015-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

சரி, இந்த வழியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஐஸ்லாந்தின் வங்கிகள் ஏற்கெனவே விழுந்துவிட்டவை. அமெரிக்காவோ, வழக்கு நடத்தி எச்எஸ்பிசியின் உரிமம் போனால் சந்தையே ஆடும் என்று பயந்தது. அந்தப் பயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மேலாளரைக் கூண்டில் ஏற்றினால் எந்தச் சந்தையும் சரியாது. என் ஓட்டு ஐஸ்லாந்துக்கே.