மூணாறு உறைபனியில் கோழிக்கூடு: கரிச்சட்டியா, குண்டு பல்பா, ஆழ்கூளமா?

மார்கழி, தை மாதங்களில் மூணாறு, செண்டுவரை, வட்டவடைப் பக்கம் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கிவிடும். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவர்கள் இந்தக் குளிருக்கு மூன்றில் ஒன்றைத்தான் நம்புகிறார்கள்: கரி கனலும் சட்டி, குண்டு பல்பு, இல்லையென்றால் தரையில் தடிமனாகப் பரப்பிய கூளம், அதாவது ஆழ்கூளம்.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. இறகு காய்ந்திருந்து, மேலே நேராகக் காற்று அடிக்காத வரை பூஜ்ஜிய டிகிரியை அது தாங்கிவிடும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால்தான் கோழி சாயும். எந்த முறையானாலும் கூட்டை உலர்வாக வைக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கரிச்சட்டிக்குச் செலவில்லை, விறகுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அதைக் கூட்டுக்குள் வைக்கவே கூடாது. அடைத்த கூட்டில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விடிந்து கதவைத் திறக்கும்போது கோழிகள் செத்துக் கிடக்கும். வாயு போக இடைவெளி விட்டாலோ சூடும் அதே வழியில் போய்விடும்.

குண்டு பல்பில் அந்த ஆபத்து இல்லை. 60 வாட் பல்பு 12 மணி நேரம் எரிந்தால் 0.72 யூனிட்தான். எல்.இ.டி. மாட்டினால் வெளிச்சம் வரும், சொல்லும்படி சூடு வராது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: நடுராத்திரி கரண்ட் போனால், சூட்டுக்குப் பழகிய கோழி திடீரென்று கடுங்குளிரில் நிற்கும். தூசியும் ஒட்டடையும் படிந்த பல்பு கூளத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும். பெரிய கோழிக்கு இது வீண் வேலை.

ஆழ்கூளம்தான் இங்கே சரி. மர இழைப்புச் சுருளோ உமியோ 6 அங்குலம் பரப்புங்கள். ஒரு கோழிக்கு 2 சதுர அடியாவது இடம் வேண்டும். வாரம் இரண்டு முறை கிளறுங்கள். எச்சம் மட்கும்போது அடியில் லேசான சூடு பிறக்கும். அதைவிடப் பெரிய பலன், ஈரத்தைக் கூளம் உறிஞ்சிக்கொள்வது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. அந்த இடத்தை அள்ளி எறிந்துவிட்டுப் புதுக்கூளம் போடுங்கள். தண்ணீர்ச் சட்டியை இரவில் வெளியே எடுத்துவிட்டு, காலையில் வெதுவெதுப்பான நீர் வையுங்கள்.

குளிருக்குப் பயந்து தார்ப்பாயால் கூட்டை முழுக்க மூடுவதுதான் ஆழ்கூளத்தைக் கெடுக்கிறது. மூச்சு ஈரம் வெளியேற வழியின்றித் தகரக் கூரையின் அடிப்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் கோழியின் முதுகில் சொட்டும். கூளம் நனையும், அம்மோனியா கிளம்பும், கண் எரிந்து நீர் வடியும். கோழி அடையும் உயரம் வரை சாக்கால் மறையுங்கள். அதற்கு மேல், கூரையை ஒட்டி 4 முதல் 6 அங்குலம் திறந்தே இருக்கட்டும். தகரத்துக்கு அடியில் தென்னங்கீற்றோ பழைய சாக்கோ கட்டினால் சொட்டு நிற்கும். அடையும் கட்டை உருண்டையாக இல்லாமல் 3 அங்குல அகலத்தில் தட்டையாக இருந்தால், கோழி உட்கார்ந்ததும் விரல்களை இறகு மூடிக்கொள்ளும். மாலையில் ஆளுக்கொரு பிடி மக்காச்சோளம் போட்டால், அது செரிக்கிற சூடு இரவுக்கு உதவும்.

குஞ்சுகளுக்குக் கணக்கே வேறு. முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். கூளம் மட்டும் போதாது, பல்பு கட்டாயம். 25 குஞ்சுக்கு ஒரே பெரிய பல்பைவிட இரண்டு 60 வாட் பல்பு மேல். ஒன்று ஃப்யூஸ் போனாலும் மற்றது காக்கும். பல்புக்கடியில் மொய்த்துக் கத்தினால் தாழ்த்துங்கள், ஓரமாக விலகி மூச்சிரைத்தால் உயர்த்துங்கள். கரண்ட் போகும் இரவுக்கு, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவே வைத்து, நீர் ஆற ஆற மாற்றுங்கள்.